கேசட் அறையில் ஐந்தாவது ஆள்

மனித குலம் இதுவரை எட்டிய சிகரங்களில் ஆக உயரமானது, ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதைத் தொடாமல் இருப்பது. நெருப்பைக் கண்டுபிடித்தவன் அதில் கிழங்கு சுட்டுத் தின்றான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அதில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தான். இருவருமே ஆசையை அடக்கத் தெரியாதவர்கள். அந்தப் பலவீனத்தை வென்றவர்கள் ஒசாகாவில், நிப்பொன்பாஷி கடைத்தெருவில், ஒரு காப்பிக் கடை மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். 'பழைய வீடியோ கேம் பாதுகாவலர் சங்கம்' என்பது அவர்களுடைய பெயர். நாற்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுப் பெட்டிகளையும் அவற்றில் சொருகும் கேசட்டுகளையும் ஊர் ஊராகத் தேடி அலைந்து வாங்குவார்கள். விளையாட மாட்டார்கள்.

அந்தச் சங்கத்தின் துணைத் தலைவர் சுகுதா மோரியோ. ஐம்பத்து நான்கு வயது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் உத்தியோகம். ஊரையே மேலே ஏற்றி இறக்கும் தொழிலில் இருந்துகொண்டு, சேர்ந்த நாளிலிருந்து அதே இரண்டாம் மாடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிதானஸ்தர்.

அவருடைய வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையற்கூடமும் இருந்தன. பெரிய அறை கேசட்டுகளுக்கு. மேற்கு வெயில் நேராக விழும் சின்ன அறை, அதாவது படுக்கையறை, மனைவி சிஸுருவுக்கு. கேசட் அறையில் ஏசி பகலும் இரவும் ஓடியது. சின்ன அறையில் ஒரு மின்விசிறி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, யார் என்ன கேட்டாலும் முடியாது என்றது. இரண்டு ஏசி போட்டால் அந்தப் பழைய கட்டடத்தில் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். எனவே யாருக்கு ஏசி என்பதை வீட்டுத் தலைவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் நீண்ட யோசனைக்குப் பிறகு, பிளாஸ்டிக்குக்கு என்று முடிவு செய்தார்.

"ராத்திரி பூரா ஃபேன்ல வெந்நீர் மாதிரி காத்து வருதுங்க" என்பாள் சிஸுரு. "எனக்கு வேர்த்துக் கொட்டுது. கேசட்டுக்கு வேர்க்கவா போகுது?"

"வேர்க்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும். வேர்த்ததுக்கப்புறம் என்ன செஞ்சாலும் பிரயோஜனமில்ல, சிஸுரு."

இரவில் ஈரப்பதமானியைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதால் மோரியோ கேசட் அறையிலேயே, அலமாரிகளுக்கு நடுவே, முகமூடி அணிந்து படுத்துக்கொள்வார். மனிதர்கள் மூச்சு விடுவதால் அறையில் ஈரம் ஏறுகிறது என்பது சங்கத்தின் கண்டுபிடிப்பு. ஆகவே ஓர் அறையில் ஒருவர்தான் உறங்கலாம். விசேஷ நாட்களில் நான்கு பேர் வரை நிற்கலாம். கணவன் மனைவிக்கு இதில் தனிச் சலுகை எதுவும் விதியில் எழுதப்படவில்லை. கேட்கவும் யாரும் கேட்கவில்லை.

சங்கத்தின் எல்லா விதிகளுக்கும் தாய் விதி ஒன்று உண்டு: ஊதக் கூடாது. சின்ன வயதில் கேசட் வேலை செய்யாதபோது எல்லோரும் என்ன செய்தோம்? வெளியே உருவி, அடிப்பக்கத்தில் ஃபூ என்று ஊதி, திரும்பச் சொருகினோம். எச்சில் பட்டுச் செப்புக் கம்பிகளில் களிம்பேறும் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் சந்தோஷமாகவே இருந்திருக்க மாட்டோம். சங்கத்தில் சேரும் எவரும் இனி ஊதுவதில்லை என்று கையுயர்த்தி உறுதி கூற வேண்டும். டோஃபு கடைக்காரரும் சங்கப் பொருளாளருமான நெமோதோ, அதற்குப் பிறகு பிறந்தநாள் மெழுகுவத்தியைக்கூடக் கையால் விசிறித்தான் அணைக்கிறார்.

அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் ஆய்வுக் குழு மோரியோவின் வீட்டுக்கு வந்தது. 'முன்மாதிரிப் பாதுகாவலர்' பட்டத்துக்கு அவர் பெயர் பரிசீலனையில் இருந்தது. அதுவரை ஒரே ஒருவருக்குத்தான் அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. அவர் இறந்த பிறகுதான் அவர் கேசட்டுகளைத் தொடவே மாட்டார் என்பது சங்கத்துக்கு உறுதியானது.

தலைவர் கிதாபதாகே, செயலாளரும் பல் மருத்துவருமான உபுகாதா, பொருளாளர் நெமோதோ. மூவரும் காலணியைக் கழற்றி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கேசட் அறைக்குள் போனார்கள். மோரியோ நான்காவது ஆளாக நுழைந்து கதவைச் சாத்தினார்.

"குளிர்ச்சி" என்றார் தலைவர், கண்ணை மூடி.

"இருபது டிகிரிங்க. வருஷம் முழுக்க" என்றார் மோரியோ.

"என் கிளினிக்ல பேஷண்டுக்குக்கூட இருபத்தாறுதான் வைக்கிறேன்" என்றார் உபுகாதா, வெட்கத்துடன்.

அலமாரியின் நடுத்தட்டில் கண்ணாடிக்குப் பின்னே இருந்தது மோரியோவின் கிரீடம்: 'தவளைப் படகோட்டி'. கடையிலிருந்து வந்த மெல்லிய உறைகூடக் கிழிக்கப்படாத பெட்டி. அட்டையில் ஒரு பச்சைத் தவளை துடுப்புப் போட, இன்னொரு தவளை விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தது. மூவரும் அதன் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். அந்தப் பெட்டியை அச்சிட்ட மையின் சாயம் பற்றித் தலைவர் மெல்லிய குரலில் சில வார்த்தைகள் பேசிக்கொண்டிருந்தபோது, வெளியே சமையற்கூடத்தில் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

பார்லித் தேநீர் கொண்டுவரப் புறப்பட்ட சிஸுரு தரையில் கிடந்தாள். முகம் சிவந்து, உதடு காய்ந்து, கண் பாதி திறந்திருந்தது. மோரியோ மண்டியிட்டு அவள் நெற்றியில் கை வைத்தார்.

"சூடு இருக்கா?" என்று கேட்டார் உபுகாதா.

"தெரியலிங்க. கையுறை போட்டிருக்கேன்."

"உடனே குளிர்ச்சியான இடத்துக்குத் தூக்கணும்."

எல்லோருடைய பார்வையும் கேசட் அறையின் கதவுக்குப் போனது. அந்த நேரத்தில் மோரியோவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஓர் அமைப்பின் துணைத் தலைவர் தனக்குத் தோன்றியபடி நடந்துவிட முடியாது.

"உள்ள நாலு பேர்தான் அனுமதி" என்றார் தலைவர் கனிவாக. "நான் வெளியே நிக்கிறேன். எண்ணிக்கை சரியாயிடும்."

"எண்ணிக்கை சரிதான் தலைவரே. ஆனா அவங்களுக்கு வேர்த்திருக்கே" என்றார் நெமோதோ. "ஒரு ஆள் கணக்குல வருமா, ரெண்டு ஆள் கணக்குல வருமா?"

சற்று ஆலோசித்தார்கள். கடைசியில் எல்லாத் தரப்புக்கும் ஏற்ற முடிவு ஒன்று எட்டப்பட்டது. சிஸுருவின் தலையும் தோளும் கேசட் அறைக்குள், இடுப்புக்குக் கீழே சமையற்கூடத்தில். மோரியோ நடுவில் உட்கார்ந்து விசிறினார். அறைப் பக்கமாக விசிறக் கூடாது என்று நெமோதோ ஒருமுறை நினைவூட்டினார்.

உபுகாதா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து ஓடிவந்த இளைஞன் அறை வாசலில் கிடந்தவளைப் பார்த்தான், அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இங்க ஏசி ஓடுதே. முழுசா உள்ள படுக்க வச்சிருக்கலாமே?"

"மீதிக்கு அனுமதி இல்லிங்க" என்றார் தலைவர்.

அந்த இளைஞன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிஸுருவைத் தூக்க ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்பும்போது பெண் டாக்டர் சொன்னாள்: "இன்னொரு தடவை இந்த வெயிலைத் தாங்க மாட்டாங்க. மாசம் முடியற வரைக்கும் ஏசி ரூம்லதான் இருக்கணும். வீட்டுல இருக்கா?"

"இருக்கு டாக்டர்" என்றாள் சிஸுரு. "ஆனா அது எனக்கில்ல. கேசட்டுக்கு."

டாக்டர் மோரியோவைப் பார்த்தாள். "அப்படின்னா கேசட்டைக் கொண்டுவந்து இந்தக் கட்டில்ல சேர்த்துடுங்க. இவங்க வீட்டுக்குப் போகட்டும்."

மோரியோ அதை ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார். அந்த வார்டில் ஈரப்பதம் அதிகம் என்று தெரிந்ததால்தான் கைவிட்டார்.

இப்படியாக சிஸுரு கேசட் அறைக்குக் குடிபோனாள். ஓர் அறையில் ஒருவர் என்ற விதிப்படி மோரியோ மேற்கு அறைக்குப் போனார். ஒசாகாவில் ஆகஸ்ட் மாதம் சூடாக இருக்கும் என்ற செய்தி அன்று இரவு அவருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது. மறுநாள் கடைக்குப் போய் அந்த அறைக்கென்று ஒரு பொருள் வாங்கி வந்தார்: வெப்பமானி. முப்பத்து நான்கு காட்டியது. அதைப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் சுட்டது.

பகலில் சிஸுருவுக்கு அந்த அறையில் செய்ய ஒன்றுமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் மீன் பிரிவில் வேலை பார்ப்பவள். பனிக்கட்டியில் கை வைத்தே பழகியவள், சும்மா இருக்கப் பழகாதவள். மல்லாந்து படுத்துச் சுற்றிலும் பார்த்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் அவளைப் பார்த்தன. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தது. அதில் பட்டன் வைத்த கைப்பிடி இரண்டு. அண்ணன்களும் இரண்டு. அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கேசட்டை ஊதித் தருவது.

அவள் எழுந்து, இருப்பதிலேயே அழகான பெட்டியை எடுத்தாள். விளக்குப் பிடித்த தவளை அவளுக்குப் பிடித்திருந்தது. உறையை நகத்தால் கிழித்தாள். கீழ்த்தட்டிலிருந்த சிவப்பு வெள்ளை விளையாட்டுப் பெட்டியை, தன் அறையிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சியில் மாட்டி, கேசட்டைச் சொருகினாள். திரையில் கோடுகள் ஓடின. வெளியே உருவி, அடிப்பக்கத்தை வாயருகே கொண்டுபோய் ஃபூ என்று ஊதினாள். மறுபடி சொருகினாள். தவளை பாட ஆரம்பித்தது.

மாலை வீடு திரும்பிய மோரியோ முதலில் கண்டது, தரையில் சுருண்டு கிடந்த அந்த மெல்லிய உறையை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பிரிச்சுட்டியா?"

"ஆமாங்க."

"சொருகினியா?"

"சொருகாம எப்படி விளையாடறது?"

அவர் குரல் இறங்கியது. "ஊதினியா?"

"ரெண்டு தடவை" என்றாள் சிஸுரு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டாக்டர் மனசைச் சந்தோஷமா வச்சுக்கச் சொன்னாங்க. திரையை மறைக்காதீங்க, ஆத்துல முதலை வருது."

மோரியோ வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தவில்லை. சமையற்கூடத்தில் அவள் விழுந்து கிடந்த இடம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. அன்றே சங்கத் தலைவருக்குத் தொலைபேசியில் தன் வீட்டில் ஓர் ஊதல் நிகழ்ந்துவிட்டதைத் தானாகவே தெரிவித்தார். மறுமுனையில் தலைவர், துக்கம் கேட்கிற குரலில், "எப்ப நடந்தது?" என்றார்.

அவசரக் கூட்டம் கூடி, அதே மூவரும் விசாரணைக் குழுவாக மறுபடி வந்தார்கள். இம்முறை அறைக்குள் சிஸுரு இருந்ததால் மூவருக்கு மேல் நுழைய முடியாது. அது தன் வீடு என்ற காரணத்தால் மோரியோ வெளியே நின்றார். உள்ளே சிஸுரு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க மேல சங்கத்துக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்ல."

"நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள் சிஸுரு. "எல்லாரும் இதுல பெரிய ஆளுங்களாச்சே. மூணு நாளா இந்தப் பாலத்தைத் தாண்ட முடியல. எப்படித் தாண்டறது, கொஞ்சம் சொல்லுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாலமா?" என்றார் தலைவர்.

"நாலாவது கட்டத்துல வருதே, மூங்கில் பாலம்."

"இந்த கேசட்டோட முதல் அச்சுல பின்பக்கத் திருகு கொஞ்சம் கறுப்பா இருக்கும்" என்றார் நெமோதோ, உதவும் எண்ணத்தில்.

"திருகு இருக்கட்டும். பாலம்?"

உபுகாதா சற்று முன்னால் வந்தார். "என்கிட்ட இதே கேசட் மூணு இருக்குங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியும். எந்தப் பட்டனை அழுத்தணும்?"

"ஒண்ணையும் பிரிச்சதில்லிங்க."

"பிரிக்காமயா? உள்ள கேசட் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எடை போட்டுப் பார்ப்போம்" என்றார் பல் மருத்துவர். சொல்லும்போதே அவர் காது சிவந்துவிட்டது.

திரையில் தவளை தண்ணீரில் விழுந்து, சோகமான சின்ன இசை ஒன்று வந்தது. அந்த இசையைச் சங்கத்தார் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். நெமோதோ தன்னையறியாமல், "இன்னொரு தடவை போடுங்களேன்" என்றார். தலைவர் அவரை முறைத்தார். மூவரும் மரியாதையாக விடைபெற்றார்கள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. மேற்படி கேசட், 'எதற்காகத் தயாரிக்கப்பட்டதோ அதே காரியத்துக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டதால்', அதன் மதிப்பை முற்றிலும் இழந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அது சேகரிப்பிலிருந்து நீக்கப்பட்டு, விளையாட்டுப் பெட்டியுடன் சேர்த்து, சோற்றுப் பானை, துடைப்பம் முதலியவற்றோடு வீட்டு உபயோகப் பொருளாகச் சிஸுருவின் பெயருக்கு மாற்றப்பட்டது. மற்றவை எதன்மீதும் விரல் பட்டதற்கு அடையாளம் இல்லை. எனவே மோரியோவின் பட்டத்துக்குத் தடை நீங்கியது. நாலாவது கட்டத்தில் பாலம் ஒன்று இருப்பதாகத் தெரியவந்துள்ளது என்பதும் பதிவு செய்யப்பட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிஸுரு அவரைக் கூப்பிட்டாள். "வந்து கொஞ்சம் உட்காருங்க. இது ஒரு ஆள் ஆடற ஆட்டமே இல்ல, இப்பத்தான் புரியுது. ஒருத்தர் துடுப்புப் போடணும், ஒருத்தர் விளக்குப் பிடிக்கணும். அப்பத்தான் பாலம் வழிவிடும்."

மோரியோ தயங்கினார். அறையில் இரண்டு மூச்சாகிவிடும். இருந்தாலும் முகமூடியும் கையுறையும் அணிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சிஸுரு இரண்டாவது கைப்பிடியை அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவு அருகில் அவர்கள் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் தலைமுடியிலிருந்து வந்த ஷாம்பூ வாசனை, அவள் எப்போதும் போடுவதா, புதிதா என்று அவருக்குத் தெரியவில்லை.

படகு நகர்ந்தது. பாலம் வந்தது.

"விளக்கு, விளக்கு. அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தானே இருக்கேன்."

"தடவறீங்க. நல்லா அழுத்துங்க."

"அழுத்தினா பட்டன் தேஞ்சிடும் சிஸுரு."

விளக்கு அணைந்தது. தவளைகள் இரண்டும் விழுந்தன. அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் முகமூடிக்குள் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

"கையுறையைக் கழட்டிட்டு இன்னொரு தடவை வாங்க. தாண்டிடலாம்."

மோரியோ வலது கைக் கையுறையின் விரல்நுனியைப் பிடித்து இழுத்தார். பாதி கழன்றது. அப்போது சுவரில் ஈரப்பதமானியின் முள் ஒரு கோடு ஏறியிருப்பது அவர் கண்ணில் பட்டது. அவர் கைப்பிடியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு பேர் இருக்கறதாலதான் ஏறுது" என்றார். "நீ ஆடு. நான் அந்த ரூம்ல இருக்கேன்."

ஆளில்லாத விளக்குத் தவளை படகின் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் மீன் பிரிவுத் தோழி ஃபுகுமி, ஐஸ் பழத்துடன் பார்க்க வந்தாள். அவள் வாழ்க்கையில் வீடியோ கேம் தொட்டதில்லை. ஆனால் கணவாய் மீனைப் பிடித்துப் பழகிய கை. பட்டனை அமுக்கிய அமுக்கில் கைப்பிடி முனகியது.

"விடாதே ஃபுகுமி. விடாதே."

"நான் எங்கடி விடறேன். உன் தவளையைக் கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லு, என் விளக்குல எண்ணெய் தீரப்போகுது."

பாலம் வழிவிட்டது. இருவரும் கூச்சல் போட்டதில் கீழ் வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினார். அந்த வாரத்துக்குள்ளேயே கடைசிக் கட்டத்தையும் முடித்துவிட்டார்கள்.

"கடைசியில என்ன வந்துச்சு?" என்று கேட்டார் மோரியோ, செருப்பைக் கழற்றியபடி, சாதாரணமாகக் கேட்பது போல.

"நல்லா இருந்துச்சு" என்றாள் சிஸுரு. அதற்கு மேல் சொல்லவில்லை. அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாதம் முடிந்தது. வெயில் தணிந்தது. சிஸுரு தன் உபயோகப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு மேற்கு அறைக்குத் திரும்பினாள். மோரியோ கேசட் அறைக்குத் திரும்பி, முகமூடி மாட்டிப் படுத்தார். சில இரவுகளில் சுவருக்கு அப்பாலிருந்து தவளையின் பாட்டும் இரண்டு பெண்களின் சிரிப்பும் கேட்கும். அவர் ஈரப்பதமானியைப் பார்ப்பார். அது எப்போதும் மிகச் சரியாக இருந்தது.

இலையுதிர்காலத்தில், காப்பிக் கடை மாடியில், பட்டமளிப்பு நடந்தது. தலைவர் கிதாபதாகே இரண்டு கையாலும் பாராட்டுப் பத்திரத்தை நீட்டினார். நெமோதோ கைதட்டினார். உபுகாதா மட்டும் வரவில்லை. மூன்று பெட்டிகளில் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டதாகவும், பாலத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் ஒரு வதந்தி உலவியது. சங்கம் அதை நம்ப மறுத்தது.

மோரியோ பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். பாராட்டைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு வேறு யாரும் இல்லை. சிஸுரு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, சத்தமாகப் படித்தாள்.

"'தம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை, கை படாமலும், விளையாடித் தேய்க்காமலும், வந்த நாளில் இருந்தபடியே, இத்தனை ஆண்டுக் காலமாகக் காத்துவரும் பெருந்தகை சுகுதா மோரியோ அவர்களுக்கு.'"

அவள் அதை இன்னொரு முறை, இம்முறை மனதுக்குள், படித்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். "ஒரு வார்த்தை பொய்யில்ல. ஃப்ரேம் போட்டு மாட்டிடலாம்."

மோரியோ பூரித்துப் போனார். இத்தனை வருடத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. "எங்க மாட்டலாம்? கேசட் ரூம்லயா, வாசல்லயா?"

"படுக்கையறையில" என்றாள் சிஸுரு.